ஒருமனதாகக் கட்டவிருந்த மதில்

நகரமைப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாக வரைபடம் போடத் தெரியும். நான் சேர்ந்த காலத்தில் மையும் டிரேசிங் பேப்பரும்தான். நீங்கள் கைபேசியிலேயே ஊரைச் சுற்றிக் காட்டிவிடுகிறீர்கள். அதனால் வரைபடத்தைப் பற்றி நான் வாயே திறக்கப்போவதில்லை. உங்கள் அறிக்கைகளில் பக்கத்துக்குப் பக்கம் 'சமூகத்தின் விருப்பம்' என்று ஒன்று வருகிறதே, அதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். என் கோபத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓய்வுபெற்று ஸ்ரீரங்கத்திலேயே தங்கிவிட்டேன். நல்ல காபி கிடைக்கிறது, கொள்ளிடக் காற்று வருகிறது, நிம்மதியாக இருக்கிறேன். வீட்டில் என் கோபத்தை யாரும் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

ஓய்வுக்குச் சில வருடங்கள் முன்பு, ஸ்ரீரங்கத்தின் வடக்கே கொள்ளிடக் கரையை ஒட்டி ஒரு பூங்கா அமைக்கும் வேலை என்னிடம் வந்தது. இடம் அரசுப் புறம்போக்கு. அதன் ஒரு பக்கம் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்பு. மறு பக்கம் ஒரு பழைய தெரு. வாழைத் தோப்பு வேலைக்கும், கட்டட வேலைக்கும், சத்திரம் பேருந்து நிலையத்துக் கடைகளுக்கும் போகிறவர்கள் அங்கே குடியிருந்தார்கள். நடுவே கருவேலமும் குப்பையும் மண்டிக் கிடந்த வெற்று நிலம். பொழுது சாய்ந்தால் எங்கிருந்தோ பைக்கில் வந்து உட்கார்ந்து குடிப்பார்கள். பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அதைச் சுத்தம் செய்து, நடைபாதையும் விளக்கும் போட்டு, சுற்றிலும் மதில் எழுப்பி, இருட்டியதும் பூட்டுகிற மாதிரி ஒரே ஒரு வாசல் வைப்பது. இதுதான் திட்டம்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் சௌந்தரராஜன் என்பவர். ஒரு பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்து, கைலாசபுரம் டவுன்ஷிப்பில் ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டு, பெருமாளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இங்கே ஃபிளாட் வாங்கி வந்தவர். டவுன்ஷிப்பில் எல்லாம் வரிசையாக இருக்கும், எல்லோரும் எல்லோரையும் தெரிந்துவைத்திருப்பார்கள். இங்கேயும் அப்படி ஆக்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரே தவிப்பு. வாட்ஸ்அப் குழுவில் விடியற்காலையிலேயே உத்தரவுகள் பறக்கும். 'நம்ம கம்யூனிட்டி, நம்ம கம்யூனிட்டி' என்பார். பழைய தெருக்காரர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் தாசில்தார் ஆபீஸில் வாங்கும் சான்றிதழ்தான் ஞாபகம் வரும். ஆனாலும் மனுஷர் நல்லவர். பூங்கா தன் குடியிருப்புக்கு மட்டும் வேண்டும் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

பழைய தெருவில் எனக்குப் பழக்கமானவள் தனம். சத்திரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி, அந்த நிலத்தின் ஓரமாகப் பயந்துகொண்டே நடந்து வீட்டுக்கு வருகிறவள். நில அளவைக்குப் போன நாட்களில் வெயில் தாங்காமல் அவள் வீட்டில்தான் நான் ஒதுங்குவேன். உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவள் அப்பா படுத்திருப்பார். வாழைத் தோப்பில் உழைத்த உடம்பு, ஓய்ந்துபோய்க் கிடந்தது.

"பார்க்கு வருதாம்ல, உக்கார பெஞ்சு போடுவீங்களா?" என்று கேட்டார்.

"போடறோம் ஐயா. உங்களுக்குன்னே ஒண்ணு போடச் சொல்றேன்."

"எனக்கு எதுக்கு? இவளுக்குத்தான். கடையில உக்காரவே விட மாட்டேங்கறாங்களாம். வந்து உக்காரட்டும்."

தனம் சிரித்துக்கொண்டே அவர் வாயில் ஸ்பூனால் கஞ்சி ஊட்டினாள். அம்மா இல்லை. தம்பி குமார் பெயின்ட் வேலைக்குப் போகிறவன். அப்பாவைப் பார்த்துக்கொண்டது முழுக்க அவள்தான்.

விதிப்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்க வேண்டும். ஆடி மாதம், கல்யாண மண்டபங்கள் சும்மா கிடந்தன. குடியிருப்பில் இருந்த ஒருவர் தன் மண்டபத்தை இலவசமாகவே கொடுத்தார். நம் ஊரில் மண்டபம் என்றாலே கை தானாகச் சந்தனக் கிண்ணத்தைத் தேடும். வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம், குங்குமம், கல்கண்டு கொடுத்து வரவேற்றார்கள். பெண்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு முழம் மல்லிகைப்பூ. பழைய தெருப் பெண்களும் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நானும் தலையில் பூவோடு மேடையில் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு மரியாதையான கூட்டத்தை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. வழக்கமாக நாற்காலி பறக்கும்.

பெஞ்சு, விளக்கு, கழிவறை, தெருநாய் எல்லாம் பேசினோம். ஆண்கள் விளக்கு உயரமாக வேண்டும் என்றார்கள். பெண்கள் மதிலும் உயரமாக வேண்டும் என்றார்கள். "யாருக்காவது ஏதாவது ஆட்சேபம் இருக்குங்களா? தயங்காம சொல்லுங்க" என்று நான் இரண்டு முறை கேட்டேன். மின்விசிறி சத்தம்தான் கேட்டது. கை தூக்கச் சொன்னேன். எல்லோரும் தூக்கினார்கள். தனம் கொஞ்சம் தாமதமாகத் தூக்கினாள். 'ஒருமனதாக' என்று தீர்மானத்தில் எழுதிக்கொண்டோம். செயலாளர் ஆளுக்கு ஒரு தேங்காய்ப் பை கொடுத்து அனுப்பினார்.

ஆவணியில் நாள் பார்த்துப் பூமி பூஜை. கரையை ஒட்டிச் சமதளமாக இருந்த இடத்தில் ஒப்பந்தக்காரர் பந்தல் போட்டிருந்தார். கலசம் வைத்தாயிற்று. சங்கல்பம் ஆரம்பிக்கிற நேரம், பழைய தெருவிலிருந்து சங்கு ஊதும் சத்தம் கேட்டது. கூடவே சேகண்டி. பூஜை செய்துவைக்க வந்திருந்த வாத்தியார் கையிலிருந்த தர்ப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரோ பரமபதிச்சுட்டா போலிருக்கே" என்றார் சௌந்தரராஜன்.

"பக்கத்துத் தெருவுல தேகம் இருக்கறச்சே சுபகாரியம் பண்ணப்படாது. எடுத்துண்டு போனப்புறம்தான்" என்றார் வாத்தியார்.

சற்று நேரத்தில் ஈர வேட்டியோடு குமார் வந்தான். கண் சிவந்திருந்தது. அவனைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. விடிகாலையில் அப்பா போய்விட்டாராம்.

"மேடம், நீங்க நல்ல காரியத்த முடிச்சுக்கங்க. அவசரம் இல்ல. நாங்க அதுக்கப்புறம் எடுத்துக்கறோம்" என்றான்.

"நீங்க எடுக்காம இவங்க ஆரம்பிக்க மாட்டாங்கப்பா. நீங்க எடுங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வழி இதான் மேடம்."

எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. பந்தல்தான் தெரிந்தது. அவன் கை காட்டிய பிறகே, பந்தலுக்குப் பின்னால் இரண்டு கருவேலப் புதர்களுக்கு நடுவே கரை சற்றுத் தாழ்ந்திருப்பதைப் பார்த்தேன். அதில் இறங்கி, ஆற்று மணலை ஒட்டிப் போனால் மயானம். தெருவின் மறு முனையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அம்மன் வாசல் முன்னால் பிணம் போகக் கூடாது. ஆக, தலைமுறை தலைமுறையாக அந்தத் தெருவின் கடைசிப் பயணத்துக்கு இருந்தது இந்த ஒரே இறக்கம்தான்.

எங்கள் அளவைக்காரர் கெட்டிக்காரர். தேய்ந்த ஒற்றையடித் தடங்களை எல்லாம் குறித்திருந்தார். ஆனால் இந்த வழியில் மற்ற நாட்களில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். ஆடு மேய்க்கிறவர்கள்கூடச் சுற்றிப் போவார்கள். யாரும் மிதிக்காத வழி எப்படித் தேயும்? புல் முளைத்து, சும்மா கிடக்கிற நிலம் மாதிரியே கிடந்தது. நானோ பெண்களோடு சுற்றியவள். நம் பக்கத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை; ஆண்கள் ஒரு பெண் அதிகாரியிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. மதில் வரவேண்டிய கோடு அந்த இறக்கத்தைக் குறுக்கே அடைத்துக்கொண்டு போனது.

இப்போது நிலைமையைப் பாருங்கள். பிணம் போகாமல் பூஜை நடக்காது. பந்தல் போகாமல் பிணம் போகாது. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. எல்லோரும் ஒருவருக்கொருவர் அவ்வளவு பணிவாக விட்டுக்கொடுத்துக்கொண்டு, எல்லோருமே நின்றுகொண்டிருந்தோம்.

கைபேசி அடித்தது. என் மேலதிகாரி. பூஜைக்கு வரும் பிரமுகரோடு காரில் வந்துகொண்டிருந்தார். "காவிரிப் பாலத்துல ஏறிட்டோம். எல்லாம் ரெடிதானே?" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுல என்ன இருக்கு? அமரர் ஊர்திய வரச் சொல்லுங்க. மெயின் ரோடு வழியா சுத்தி எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

"சார், மதில் வந்தா இந்த வழியே இருக்காது."

"கூட்டத்துல ஒருத்தர்கூட ஆட்சேபம் சொல்லலியே. ஒருமனதான தீர்மானம். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க ஏன் கவலைப்படறீங்க?"

தம்பிகளே, தங்கைகளே, இந்த மாதிரி வாக்கியத்தை உங்களிடமும் யாராவது ஒரு நாள் சொல்வார்கள். கேட்க இதமாக இருக்கும். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. கோப்பை எடுத்துப் பார்த்தால் என் மேல் ஒரு தூசு படாது. மயானத்துக்கு வழி மறுப்பது நம் நாட்டில் எவ்வளவு பழைய கொடுமை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே யாரும் மறுக்கவில்லை. சந்தனம் கொடுத்து, பூ கொடுத்து, கை தூக்கச் சொல்லி, விளக்கும் போட்டு அடைக்க இருந்தோம். அன்று மட்டும் வண்டி வைத்துச் சுற்றி அனுப்பிவிட்டால், அந்த வழி மூடிப்போன முதல் நாள் அதுவாகத்தான் இருந்திருக்கும். மூடியது யார் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பெயரும் இருந்திருக்காது.

"பந்தலப் பிரிங்க" என்று ஒப்பந்தக்காரரிடம் சொன்னேன்.

"மேடம், விஐபி வந்துக்கிட்டு இருக்காரு..."

"அவரு வந்தா நான் பேசிக்கறேன். முதல்ல பிரிங்க."

அவர் என்னைப் பார்க்காமல் சௌந்தரராஜனைப் பார்த்தார். சௌந்தரராஜன் முகம் இறுகிப்போயிருந்தது. ஒரு வாரமாக ஓடி ஓடி ஏற்பாடு செய்தவர். குமாரிடம் திரும்பிக் கேட்டார். "உங்க அப்பாவா?"

"ஆமாங்க."

"ஸ்வாமி, கலசத்தை எடுத்து என் கார்ல வெச்சுடுங்கோ" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலிகளைத் தூக்க ஆரம்பித்தார். அவர் தூக்கியதும் குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் கை கொடுத்தார்கள். அந்த நிமிடம் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

பிரமுகர் வந்தபோது பாடை தெருவைவிட்டுக் கிளம்பியிருந்தது. அவர் காரைவிட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்று கும்பிட்டார். அரசியல்வாதிகளுக்குச் சாவு வீட்டு நாகரிகம் நம்மைவிட நன்றாகத் தெரியும். என் மேலதிகாரி முகம்தான் கடுகடுவென்று இருந்தது.

கொள்ளிச் சட்டியோடு குமார் முன்னால் போனான். தெரு முனை வரை அழுதுகொண்டு வந்த பெண்கள் வழக்கப்படி அங்கேயே நின்றுவிட்டார்கள். நானும் அவர்களோடு நின்றேன். ஆண்கள் புதர்களுக்கு நடுவே இறங்கி மறைகிற வரை தனம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"மதில் வந்துட்டா, அப்புறம் யாரும் இப்படிப் போக முடியாதில்ல மேடம்?"

"இந்த இடத்துல மதில் வராதும்மா" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் பட்ட பாடு தனிக் கதை. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டது நியாயமான கேள்விதான். "ஜனங்க கூடி எடுத்த முடிவ ஒரு அதிகாரி தன் இஷ்டத்துக்கு மாத்தலாம்னா, அப்புறம் கூட்டம் எதுக்கு?" இதை நீங்களும் மறக்க வேண்டாம். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் ஊரார் சொல்லை அடித்து எழுதுகிற அதிகாரி, கெட்டது செய்யவும் அதே பேனாவைத்தான் எடுப்பார். அதனால் நான் மாற்றி எழுதவில்லை. மறுபடியும் கேட்டேன். இந்தத் தடவை மண்டபம் இல்லை, மேடை இல்லை. எங்கள் அளவைக்காரர் ஆற்றங்கரையில் வைத்து ஆண்களிடம் பேசினார். நான் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசினேன். சபையில் சொல்லக் கூசுவதைத் தனியாகக் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள், அவ்வளவுதான் சூட்சுமம்.

சௌந்தரராஜன் ஒரு யோசனையோடு வந்தார். "அந்த எடத்துல ஒரு கேட் போட்டுடலாம் மேடம். வாட்ச்மேன்கிட்ட சாவி இருக்கும். எப்ப வேணும்னாலும் திறந்து விடறோம். டவுன்ஷிப்ல அப்படித்தான் எல்லாத்துக்கும் கேட் உண்டு."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்தது. "துக்க வீட்டுக்காரங்க வாட்ச்மேனத் தேடிக்கிட்டு அலையணுமா சார்? வழி இருக்கறது வேற, வழி விடறது வேற. அவங்களுக்கு வழி இருக்கு. நாம யாரு விடறதுக்கு?"

அவர் எழுந்து போய்விட்டார். காரியம் கெட்டது என்று நினைத்தேன். சில நாள் கழித்து அவரே போன் செய்தார். "பார்க்கை ரெண்டாப் பிரிச்சு, நடுவுல வழியை அப்படியே விட்டுடுங்கோ. ஒரு விளக்கும் போட்டுடுங்கோ, இருட்டுல கால் தடுக்கப்படாது" என்றார். வாட்ஸ்அப் குழுவில் அவருக்குக் கிடைத்த வசவு கொஞ்சமில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். வரைபடம் போடுகிற பையன் அந்த வழிக்கு என்ன பெயர் எழுதுவது என்று கேட்டான். பொதுப் பாதை என்று எழுதச் சொன்னேன். மேலதிகாரி முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இன்று இரண்டு பூங்காக்களும் நன்றாக இருக்கின்றன. சாயங்காலம் நான் அங்கேதான் நடக்கிறேன். குடிக்க வந்தவர்கள் வெளிச்சத்தைப் பார்த்து வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள். நடுவில் இருக்கும் பாதையில் இன்றும் சும்மா யாரும் நடப்பதில்லை. புல் முளைத்துத்தான் கிடக்கிறது. சுத்தம் செய்யலாமே என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்டால் சௌந்தரராஜன்தான் விளக்கம் சொல்கிறார்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை. கருமாதி முடிந்த பிறகு தனம் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். புது வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு போனேன், கொடுத்த வார்த்தையைக் காட்ட வேண்டும் என்று. அவள் அந்த இடைவெளியை விரலால் தொட்டுப் பார்த்தாள். கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. எனக்கு மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"கூட்டத்துல நான் ரெண்டு தடவ கேட்டேனேம்மா. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"கல்யாண மண்டபத்துல, சந்தனம் குங்குமம் குடுத்து உக்கார வச்சிருக்காங்க. நீங்க தல நிறையப் பூ வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அங்க போயி சாவு வழியப் பத்தி எப்படி மேடம் பேசுறது? எங்க தெருவுல யாருக்குமே வாய் வரல."

"சரிம்மா. வெளிய வந்து என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே. நம்ம பழகலியா?"

அவள் வரைபடத்தை மெதுவாகச் சுருட்டினாள்.

"அப்பா கெடையில கெடந்தாரு மேடம். அந்த வழிய விடுங்கன்னு நான் கேட்டா, அவருக்கு நானே நாள் குறிச்ச மாதிரி ஆயிடாதா? அதான் கையத் தூக்கிட்டேன். நான் மதிலுக்குத் தூக்கல மேடம். அவரு இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு தூக்கினேன்."

அந்தக் கையைத்தான் நாங்கள் மதிலுக்குச் சேர்த்து எண்ணியிருந்தோம்.